மூன்று காலில் நின்ற அரணை

ஈரக்கட்டை நெருப்பில் சீறும் சத்தம் எங்கே கேட்டாலும், ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த சாயப்பட்டறை என் கண்முன் வந்துவிடும். ஏழாம் வகுப்பில் டீச்சர் "சாலமாண்டர்" என்றொரு பிராணியைப் பற்றிச் சொன்ன நிமிஷத்திலும் அந்தச் சத்தம்தான் காதில் விழுந்தது. காலோ விரலோ வெட்டுப்பட்டால் அதற்குத் திரும்ப முளைக்கும், அது நெருப்பிலேயே வாழ்கிறது என்று பழங்காலத்து வெளிநாட்டார் நம்பினார்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. முந்தின வாரம்தான் சாய அண்டாவுக்கு அடியில் எரிந்துகொண்டிருந்த புளியங்கட்டையின் பொந்திலிருந்து, மேலெல்லாம் பளபளக்க ஓர் அரணை ஓடி வந்ததைப் பார்த்திருந்தேன். அதுதான் இது! வேறு என்னவாக இருக்க முடியும்?

எங்கள் நைனா பவர்லூம் ஓட்டியவர். அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு பல்சக்கரம் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அறுந்த இழையை முடிய அந்த விரல்கள் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இடது கையாலும் பல்லாலும் முடிந்து முடிந்து பார்ப்பார், முடிச்சு நிற்காது. "கை சரியானா வா" என்று "ஓனர்" சொல்லியிருந்தார். அதை வீட்டில் எல்லோரும் வெறும் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். நான் நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் பட்டறையின் விறகுக் குவியலைக் கிளறினேன். "அங்க இன்னாடி தேடிக்கினு கீற? பாம்புக்கு மாப்ள பாக்கப் போறியா?" என்று அம்மா கத்தினாள். மூன்றாம் நாள் ஓர் அரணை அகப்பட்டது. நைனாவின் சவர பிளேடால் அதன் முன்கால் ஒன்றை வெட்டி, ஓட்டை போட்ட சர்க்கரை டப்பாவில் வைத்தேன். முளைத்ததும், நைனாவுக்குக் கட்டுப் போட்ட திருப்பதி டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். தினமும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் மூடியைத் திறந்து பார்ப்பேன். நான் பிடித்துப் போட்ட கரப்பானையும் அது தொடவில்லை.

ஆறாம் நாள் டப்பா நைனாவின் கையில் இருந்தது.

"இன்னாம்மா இது?"

"அரணை, நைனா. நெருப்புல வேவாது. கால் வெட்னா மொளைக்குமாம், டீச்சர் சொன்னாங்க."

"எந்தக் கால வெட்ன?"

"வலது."

அவர் திட்டவில்லை. வலது கையை மெல்லத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். இடது கையால் டப்பாவை விறகடியில் சாய்த்து, "போ, போயிப் பொழைச்சுக்கோ" என்றார். அது மூன்று காலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தது. மறுநாள் அந்த இடத்தில் எறும்பு மொய்த்துக்கிடந்தது.

இப்போது திருப்பதியில் விலங்கியல் படிக்கிறேன். அரணைக்கு வால்தான் முளைக்கும், கால் முளைக்காது. சாலமாண்டர் பல்லி இனமே இல்லை, தவளைக்குச் சொந்தம். சூடு தாங்காமல் கட்டைப் பொந்திலிருந்து ஓடி வந்ததைப் பார்த்துத்தான் அந்த வெளிநாட்டாரும் ஏமாந்திருக்கிறார்கள் என்று படித்தபோது சிரிப்பு வரவில்லை. பட்டறை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. நைனா ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். அவருடைய வலது கையை அந்த நாளுக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. நான் இருக்கும்போது சாப்பிடக்கூட உட்காரமாட்டார், போட்டோவில்கூடத் துண்டுதான் தெரியும்.

மழைக்காலத்தில் எங்கள் வகுப்பு டார்ஜிலிங் பக்கம் போகிறது. நிஜமான சாலமாண்டரை அங்கே பார்க்கலாம். அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "கையக் காட்டு, நைனா" என்று கேட்கப் போகிறேன்.