கடைசி வாகனத்துக்கு வேப்பங்கொப்பு

உடையார்கட்டுப் பக்கம் மதகு கட்டியபோது வீதியின் ஒரு பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மற்றப் பாதியால்தான் இரு பக்க வாகனங்களும் மாறிமாறிப் போகவேண்டும். ஒரு முனையில் கொடியோடு நான் நின்றேன், வளைவுக்கு அப்பால் மறுமுனையில் என் சிநேகிதி. ஒருவரையொருவர் பார்க்க முடியாது, போனுக்குக் கவரேஜும் இல்லை. அதனால் வேலையைப் பார்க்கும் ஓவசியர் சிவப்புத் துணி சுற்றிய தடி ஒன்று தந்திருந்தார். நான் விடும் கடைசி வாகனத்தில் அதைக் கொடுத்துவிடுவேன். தடி கைக்கு வந்த பிறகுதான் அவள் தன் பக்கத்தைத் திறப்பாள். அவளுடைய கடைசி வாகனத்தில் அது எனக்குத் திரும்பி வரும்.

“தடி துலைஞ்சால் ரெண்டு பக்கமும் மறிச்சுப்போட்டு எனக்குச் சொல்லுங்கோ” என்று அவர் நூறு தரம் சொல்லியிருந்தார்.

அன்று காலை யாரோ ஒரு கோதாரி பிடித்தவன் தடியை என்னிடம் தராமலே கொண்டு போய்விட்டான். போன கிழமையும் ஒன்று தொலைந்து, எல்லோருக்கும் முன்னால் ஏச்சு வாங்கியிருந்தேன். இன்னொரு தரம் வாங்க என் ரோசம் விடவில்லை. பக்கத்து வேம்பில் ஒரு கொப்பை முறித்தேன். இனிக் கடைசி ஆளிடம் வேப்பங்கொப்பு வரும் என்று அவளுக்குச் சொல்லியனுப்பினேன்.

“அம்மாளாச்சி வந்து சேர்ந்திட்டா எண்டு சொல்லச் சொன்னவா” என்று அடுத்து வந்த ஓட்டோக்காரன் சிரித்தான். அவள் எதையும் பகிடியாக்கிவிடுவாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்று அம்மன் கோயில் பொங்கல் என்பது இரண்டு பேருடைய மண்டையிலும் ஏறவில்லை. மத்தியானம் நான் விட்ட வரிசையின் நடுவில் கோயிலால் திரும்பும் வான் ஒன்று போனது. என் கொப்பைக் கடைசியாக மண் ஏற்றி வந்த ரிப்பர் லொறிக்காரனிடம் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு அப்பால் கூக்குரல் கேட்டது. ஓடிப் போனேன். அவள் பக்கத்தால் பிள்ளையோடு ஒரு மோட்டார் சைக்கிள் உள்ளே வந்திருக்கிறது. ரிப்பரின் கோர்ன் கேட்டதும் அவள் ஓடிவந்து அவர்களை ஓரத்தில் தள்ளிவிட்டிருக்கிறாள். அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. என் சிநேகிதி போய்விட்டாள்.

வானில் வந்த ஒரு அம்மா திரும்பி ஓடிவந்து வீதியில் குந்தியிருந்து குழறினா. “என்ர கையிலை கொப்பைக் கண்டு கையை நீட்டினவா அந்தப் பிள்ளை. கோயில் வேப்பிலை கேக்கிறாவாக்கும் எண்டு குடுத்தனான்.”

எனக்கு எல்லாம் விளங்கியது. ஓவசியர் வந்து, “தடி எங்கை?” என்று கேட்டார்.

“ரிப்பரிலை குடுத்துவிட்டனான்” என்றேன். ஐயோ, என் வாய் அப்படித்தான் சொன்னது. பொங்கல் நாளில் ரிப்பரில் கிடந்த வேப்பங்கொப்பை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நெரிசலில் தடி எங்கேயோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். தடி வரமுதல் அவள் வழி திறந்தாள் என்று பொலிசார் எழுதினார்கள்.

அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிணையில் வந்திருந்த ரிப்பர்காரன் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று அழுதான். அவளுடைய தாய் எழுந்து போனா. அவவைக் கூட்டிப் போனது நான்தான்.

“உள்ளுக்கு வாரும் தம்பி” என்று அவனுடைய கையைப் பிடித்தா. “பிழை என்ர பிள்ளையிலைதான். அவளை மன்னிச்சுக்கொள்ளும்.”

அவவின் மற்றக் கையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.