முழுப்பேர் போட்ட குப்பாயி

வெள்ளைக்காரத் துரைகள் ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டம் போட்டுக் கொழித்த காலம். வாழவந்திப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பழம் பறித்தவள் குப்பாயி. கைக்கு வேகம் குறைவு, வாய்க்கு அதிகம். கூடை நிறையாத நாளில், கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேல் அவளுக்கு அரைப்பேர்தான் போடுவார். அதாவது, அரை நாள் வேலை. அந்த ஆத்திரத்தில் அவள் காட்டிலுள்ள ஜீவன்களுக்கெல்லாம் பேர் போட ஆரம்பித்தாள். "அவரு எனக்கு அரைப்பேரு போடட்டுமுங்க. நான் அவருக்கு முழுப்பேராவே போடறேன்" என்பாள்.

சிவந்த கண்ணோடு புதருக்குப் புதர் எட்டிப் பார்க்கும் செம்போத்து, கங்காணி. தொட்டாச்சிணுங்கிதான் பங்களா சமையல்காரன் சின்னத்தம்பி. ராத்திரியில் வந்து, கனிந்த பழமாகப் பார்த்துத் தின்றுவிட்டு, கொட்டைகளைப் பாறைமேல் கழிந்துவிட்டுப் போகுமே மரநாய், அதற்குப் பேர் ரைட்டர். தினமும் தவறாமல் கணக்கு வைத்துவிட்டுப் போகிறதாம்! என்ன வாய் பாருங்கள். பறிக்கிற பெண்கள் அத்தனை பேரும் இதே பாஷையில் பேச ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் காலையில், கூடப் பழம் பறிக்கும் பாவாயி, "அக்கா, நேத்தும் ரைட்டரு பழத்தைத் தின்னு தீத்துட்டாருங்க" என்றாள். வேலிக்கு அந்தப்புறம் சின்னத்தம்பி நின்றிருந்தான். கோள் சொல்வதென்றால் அவனுக்குப் பாயசம். ரைட்டர் பழம் திருடுகிறார் என்று உப்பு மிளகாய் சேர்த்துத் துரையிடம் வைத்தான். பழம் குறைகிறதே என்று ஏற்கெனவே கடுகடுத்துக்கொண்டிருந்த துரை, ரைட்டரை மத்தியானத்துக்குள் மலையை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்.

சேதி கேட்டதும் குப்பாயி முதலில் சிரித்தாள். அப்புறம், கைக்குழந்தையும் தகரப் பெட்டியுமாக, மலையிறங்கும் குப்பனூர்ப் பாதையில் நின்ற ரைட்டர் சம்சாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. உண்மையைச் சொன்னால் குப்பாயியின் சட்டிபானை, கூலிக்காரர் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு வெளியே பறக்கும்.

"பேசாம இருங்க அக்கா. போனா போறாரு" என்றாள் பாவாயி.

"போடி இவளே! வையத்தான் பேரு வெச்சேன். அவரு சோத்துல மண்ணள்ளிப் போடவா வெச்சேன்?"

துரையைக் கையோடு பாறைக்குக் கூட்டிவந்துவிட்டாள். துரைக்குத் தமிழ் அரைகுறை. எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த ஆள் யார்? அந்த ரைட்டரேதான்! பாதையில் நின்றவரைத் திருப்பிக் கூப்பிட்டார்கள்.

"இந்தக் கொட்டையெல்லாம் போட்ட மரநாய்க்குத்தானுங்க ரைட்டருன்னு பேரு. பழத்தைத் திங்கறது இதுதானுங்க. ஐயா மேல ஒரு தப்பும் இல்லீங்க."

தன் பேர்தான் மரநாய்க்கு என்பதைத் தன் வாயாலேயே துரைக்குச் சொல்ல வேண்டி வந்த மனுஷனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துரை கைத்தடியால் கொட்டைகளைக் கிளறிப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதோடு போனாரா? "துரை பேர் எதுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

பெண்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். பாழும் வாய் சும்மா இருக்குமா?

"மூஞ்சி செவந்த மந்திங்க" என்றாள் குப்பாயி.

குரங்கு என்றிருந்தால் துரைக்கே புரிந்திருக்கும். மந்தி புரியவில்லை. அவர் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் குப்பாயியைப் பார்த்தார். அவளை மலையை விட்டே விரட்ட ஒரு வார்த்தை போதும்.

ரைட்டர் தொண்டையைச் செருமினார். "டைகர், சார்."

துரை மீசையைத் தடவிக்கொண்டார். ரைட்டரின் பெட்டியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திப் பங்களாவுக்கு நடந்தார்.

அன்று குப்பாயியின் கூடை பாதிகூட நிறையவில்லை. ரைட்டர் எட்டிப் பார்த்தார். முழுப்பேர் போட்டார்.

"ஏனுங்க, மரநாய்க்கு வேற பேரு வெச்சிரட்டுங்களா?"

"அது கெடக்கட்டும். அந்த மந்தி பேரை மொதல்ல மாத்து."

"மாத்திட்டனுங்க."

மேலே மரக்கிளை சடசடவென்று ஆடியது. பாவாயி கூடையை அணைத்துக்கொண்டு கத்தினாள்.

"அக்கா, டைகர் வந்திருச்சு! பழத்தை மூடுங்க!"