கல்லின் அளவுக்கு ஓர் ஆள்

வெள்ளவத்தையில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். அந்தக் கடலுக்குள், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு கல் தனியாக நின்றது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். இடுப்பில் ஒடுங்கி, தலைப்பக்கம் கொஞ்சம் பருத்திருக்கும். அதைக் கோபுரம் என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் கல்லினால்தான் எனக்குக் கலியாணம் நடக்காமல் போனது என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு வயதாகிவிட்டது, இனி யாருக்கு வெட்கப்பட?

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்குக் கொழும்பு வந்த கலியாணமாகாத ஆண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம். ஒரு சமையல்காரரையும் வைத்துக்கொள்வோம். அதற்குச் சமறி என்று பெயர். கலியாணம் முடிந்தவன் போவான், புதிதாக உத்தியோகம் கிடைத்தவன் வருவான். எங்கள் சமறி கடற்கரைக்குக் கிட்ட, ரயில் போனால் கோப்பை எல்லாம் கிலுகிலுக்கிற இடத்தில் இருந்தது. நான் சேரும்போது அங்கே எல்லாரையும்விட இளையவன். பிறகு எல்லாரையும்விட மூத்தவன். இடையில் என்ன நடந்தது என்றால் ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் சங்கடம்.

எனக்கு மூன்று தங்கைகள். தங்கைமார் கரைசேராமல் அண்ணன் மாலை மாற்றுகிற வழக்கம் எங்கள் பகுதியில் இல்லை. ஒவ்வொருத்தியாக அனுப்பிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது என் நெற்றி உச்சி வரைக்கும் போயிருந்தது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். காலம் மாறி, புதிதாக வந்த பொடியன்கள் பம்பலப்பிட்டிப் பக்கம் போனார்கள். கடைசியில் மிஞ்சியது நானும் சுங்கத்தில் வேலைசெய்த ஒரு நண்பனும்தான். என்னைவிட ஆறேழு வயது இளையவன், வாயாடி, நல்ல மனசுக்காரன். அவன் நல்ல மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் படம் கீறுகிறவன். நாட்டின் கல்லையும் மண்ணையும் ஆராய்கிற ஓர் அரசாங்கக் கந்தோரில், எங்கள் வெள்ளைக்காரத் துரை பென்சிலால் கிறுக்கித் தருவதை மெல்லிய துணியில் மையால் திருத்தமாகக் கீறிக் கொடுப்பது என் வேலை. அச்சுக்குப் போவது என் படம்தான். துரை அப்போது கடலோரங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கடலில் நிற்கும் கல் கோபுரம் எப்படி உண்டாகிறது என்று நாலு படம் கேட்டார்.

அதுவரைக்கும் நானும் எல்லாரையும் போலத்தான் நினைத்திருந்தேன், தனியாக நிற்கிற கல் கடலுக்குள்ளிருந்து முளைத்ததென்று. துரை சொன்ன பிறகுதான் விஷயம் தலைகீழாகத் தெரிந்தது. முதலில் தனிக்கல்லே கிடையாது. கரை கடலுக்குள் நீண்டு ஒரு முனையாக இருக்கும். அந்தப் பாறையில் வெடிப்புகள் இருக்கும். அலை வந்து அடிக்கும்போது வெடிப்புக்குள் இருக்கும் காற்று நெருக்குண்டு, ஆப்பு வைத்துப் பிளப்பது போலப் பிளக்கும். அலையோடு வருகிற மணலும் கூழாங்கல்லும் அம்மியில் அரைப்பது போல அரைக்கும். உப்பு வேறு உள்ளே புகுந்து காய்ந்து காய்ந்து பாறையை உதிர்க்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால் கடல் ஊர்ந்தால் கேட்கவா வேண்டும். முனையின் இரண்டு பக்கமும் குகை விழும். இரண்டு குகையும் ஒருநாள் சந்தித்து ஒரு வளைவு வாசல் உண்டாகும். வாசலின் மேற்கூரை கனம் தாங்காமல் விழும். அப்போது அப்பால் நின்ற துண்டு தனித்துப்போகும். அதுதான் கோபுரம். அது எழும்பியதில்லை, பக்கத்தில் இருந்தவையெல்லாம் போனதால் தெரிவது. காட்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல நிற்கும் கற்களும் ஏறக்குறைய இந்தக் கதைதான், அங்கே கடலுக்குப் பதில் மழையும் மண்ணும் என்றார் துரை.

நாலாவது படத்துக்கு வெள்ளவத்தைக் கல்லைக் கீறட்டுமா என்று கேட்டேன். அவர் ஒருநாள் வந்து பார்த்தார். சிறியதுதான், ஆனால் முழுக் கதையும் இதில் இருக்கிறது என்றார். பக்கத்தில் ஓர் ஆளையும் கீறு, இல்லாவிட்டால் பார்ப்பவன் மலை என்று நினைத்துவிடுவான் என்றும் சொன்னார். நீர் வற்றும் நேரத்தில் கல்லின் அடிவரை மணல் திட்டு தெரியும், அதில் ஆள் நிற்கலாம். சொல்லிவிட்டு அவர் நீண்ட விடுமுறையில் சீமைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் கந்தோர் விட்டதும் கடற்கரைக்குப் போவேன். முதலில் படத்துக்காகத்தான் போனேன். பிறகு படம் முடிந்தும் போனேன். அந்த நேரத்தில் சமறிக்குப் போனால் வெறும் நாற்காலிகள்தான் இருக்கும். சுங்கக்காரன் சீட்டாடப் போயிருப்பான். தனிமை என்று அப்போது அதற்குப் பெயர் வைக்கவில்லை, காற்று வாங்கப் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே இருந்துவிடுவேனோ என்ற பயம்.

அந்த நேரத்தில்தான் தரகர் ஒரு பொருத்தம் கொண்டுவந்தார். பெண் கொட்டாஞ்சேனையில் தாய்மாமன் வீட்டில் இருந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். மாமனுக்குப் புறக்கோட்டையில் சுருட்டுக்கடை. சாதகக் குறிப்பு பார்த்தார்கள், பொருந்தியது. பிறகு வழக்கப்படி, தற்செயலாகச் சந்திப்பது போல, கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு என்னை வரச்சொன்னார்கள். டிராமில் போனேன். அவள் மாமியோடு வந்திருந்தாள். மாமி விவரமானவர், மூன்று முறை சுற்றிக் கும்பிட வேண்டும் என்று எங்களை ஒரு தூணுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனார்.

நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன். அவள்தான் கதைத்தாள்.

"படம் கீறுறியளாம். என்ன படம்?"

வேறு எவனாவது இருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பான். நான் முனை, குகை, வாசல், கோபுரம் என்று முழுவதையும் ஒப்புவித்தேன். மாமி இரண்டாம் சுற்றில் இருந்தார். அவள் குடையின் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தக் கல்லு வளருறேல்லையோ?"

"இல்லை. சுத்தி இருந்ததுகள் போறதுதான்."

"பாவம்," என்றாள்.

ஒரு கல்லைப் பார்த்துப் பாவம் என்று சொன்ன ஆளை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. மாமி வந்துவிட்டார். போகும்போது அவள் மெதுவாக, "எனக்கும் அதை ஒருநாள் காட்டவேணும்," என்றாள். காட்டுகிறேன் என்றேன்.

அடுத்த நாள் கந்தோரில் நாலாவது படத்தை எடுத்து, கல்லின் அடியில் மணலில் ஆளைக் கீறினேன். தொப்பி போட்ட ஓர் ஆண். அவனுக்குப் பக்கத்தில் குடை பிடித்த ஒரு பெண். இரண்டும் நகக்கண் அளவுதான். இத்தனை வருட உத்தியோகத்தில் கேட்டதற்கு மேல் ஒரு கோடு நான் கீறியதில்லை. அன்றைக்குக் கீறினேன், சந்தோஷமாகவும் இருந்தேன்.

இனி ஒரு படி மட்டும் மிச்சம். பெண்வீட்டார் மாப்பிள்ளையை விசாரிக்க வருவது. சொல்லிவிட்டு வரமாட்டார்கள், சொல்லிவிட்டு வந்தால் நாங்கள் வீட்டைக் கூட்டித் திருநீற்றைப் பூசிக்கொண்டு இருப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கும் அவர்களைத் தெரியும். ஆகவே சமறியில் ஒரு சட்டம் இருந்தது. எவனுக்குச் சம்பந்தம் பேசினாலும் அவனைப் பற்றி என்ன சொல்வது என்று முன்கூட்டியே எல்லாரும் பேசி வைத்துக்கொள்வோம். சாராயப் போத்தல் சமையல்காரரின் அறைக்குப் போகும். சீட்டுக்கட்டு கூரைக்குப் போகும். தேவாரப் புத்தகம் மேசைக்கு வரும். குதிரைப் பந்தயத்தில் சம்பளத்தைத் தொலைக்கிறவனை வெள்ளிக்கிழமை விரதக்காரன் என்று நானே என் வாயால் சொல்லி ஒப்பேற்றியிருக்கிறேன். இன்றைக்கு அவன் பேரப்பிள்ளை கண்டவன்.

ஆனால் எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. குடியில்லை, சீட்டில்லை, பந்தயமில்லை. ஆகவே எனக்கென்று எவனும் ஒன்றும் பேசி வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமன் வந்தபோது நான் வீட்டில் இல்லை. எங்கே இருந்தேன் என்று சொல்லவும் வேண்டுமா. திரும்பி வந்தபோது சுங்கக்காரன் வாசலிலேயே நின்றான். முகம் எல்லாம் சிரிப்பு.

"மச்சான், உன்ர ஆக்கள் வந்திட்டுப் போட்டினம். நல்லாச் சொல்லி விட்டிருக்கிறன்."

"என்ன சொன்னனீ?"

"குடியோ எண்டு கேட்டார். மணமே தெரியாது எண்டன். சீட்டோ எண்டார். தொடமாட்டார் எண்டன். அப்ப பின்னேரத்தில என்ன செய்வார் எண்டு கேட்டார். உள்ளதைச் சொன்னன்."

"எதை?"

"ஒவ்வொரு நாளும் தனியக் கடற்கரைக்குப் போவார், கடலுக்க ஒரு கல்லு நிக்குது, இருட்டும்வரைக்கும் அதைப் பாத்துக்கொண்டு இருப்பார், ஒருத்தரோடயும் கதைக்கமாட்டார் எண்டு சொன்னன். மனுசன் அப்பிடியே அசந்துபோனார். கல்லையோ எண்டு ரெண்டு தரம் கேட்டார். ஓம், மழையெண்டாலும் போவார் எண்டன். தேத்தண்ணியைக் கூட முழுக்கக் குடிக்கேல்லை, அவ்வளவு சந்தோஷம்."

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். அவன் எனக்காக ஓர் உண்மையைச் சொல்லியிருந்தான். அவனைக் கோபிக்க முடியவில்லை. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

தரகர் பிறகு கோட்டை ரயில் நிலையத்தில் என்னைக் கண்டார். குறிப்பு பொருந்தவில்லையாம் என்றார். முதலில் பொருந்தியதுதானே என்றேன். அவர் அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து, மிகவும் பரிவோடு, "தம்பி, குறை நினையாதையுங்கோ. உங்களுக்கு இடைக்கிடை மனம் ஒருமாதிரி வாறதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தக் கேள்விக்கு ஓம் என்று எவன் சொல்வான்? அவரும் தலையாட்டிக்கொண்டு போனார்.

அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டிருப்பார்களா என்பதும் தெரியாது. கொட்டாஞ்சேனைக்குப் போய் அந்தப் பள்ளிக்கூட வாசலில் நிற்கலாமா என்று பல நாள் யோசித்தேன். கல்லைப் பார்க்கிற பைத்தியம் இப்போது பள்ளிக்கூட வாசலிலும் நிற்கிறது என்று அவளுக்குத்தான் கெட்ட பேர் வரும். போகவில்லை.

சில மாதத்தில் சுங்கக்காரனுக்கும் சம்பந்தம் வந்தது. அவனை விசாரிக்க வந்தபோது நான் வீட்டிலேயே இருந்தேன். சட்டையை மாற்றி, திருநீறு பூசி, சீட்டா, அப்படியென்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது என்றேன். நன்றாகவே சொன்னேன். அவன் கலியாணம் முடிந்து போனதும் சமையல்காரரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார். ஓர் ஆளுக்குச் சமைக்கக் கை வராது என்றார். ரயில் போகும்போது கோப்பைகள் கிலுகிலுக்கிற சத்தம் அதன் பிறகு எனக்குப் பொறுக்கமுடியாமல் இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினேன், எனக்கென்று ஒரு கோப்பையை மட்டும் வெளியே விட்டேன்.

துரை சீமையிலிருந்து வந்து படங்களைக் கேட்டார். மூன்றையும் சரி என்று வைத்தார். நாலாவதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நல்ல படம் என்றார். பிறகு பென்சிலால் மணலைத் தொட்டார்.

"ஏன் இரண்டு பேர்? அளவுக்கு ஓர் ஆள் போதும்."

சரி சேர் என்று வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். துணியில் விழுந்த மையை ரப்பரால் அழிக்க முடியாது, சவர பிளேட்டின் முனையால் சுரண்ட வேண்டும். பிளேட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். பிறகு தொப்பி போட்டவனைச் சுரண்டி எடுத்தேன்.

துரை மறுபடி பார்த்துவிட்டு, "பெண்ணா?" என்றார். அவருக்கு அது பரவாயில்லை. உயரத்தை மட்டும் படத்துக்குக் கீழே எழுத வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்குப் பிரயோசனம் இல்லை என்றார். "இந்தப் பெண்ணின் உயரம் என்ன?"

"ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, சேர்," என்றேன்.

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கோயில் தூணில் அவள் தலை எட்டிய இடத்தில் ஒரு தாமரை செதுக்கியிருந்தது. வேறொரு நாள் தனியாகப் போய் அதை அளந்துகொண்டு வந்திருந்தேன். வெள்ளவத்தைக் கல்லையும் பிறகு, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்காலம் ஒன்றில், கடல் விழுத்திவிட்டது, இன்றைக்குப் போனால் அடிக்கட்டைதான் தெரியும். அது முழுசாக நிற்பதும், அவள் வந்து அதைப் பார்ப்பதும் அந்தப் படத்தில் மட்டும்தான்.