கேள்வி கேட்டுக் கொடுத்தவர்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இத்தாலியின் பலெர்மோ நகரிலேயே மிகப் பெரிய கஞ்சர், நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைத்த, அம்மா வேலை செய்த வீட்டு எஜமானிதான் என்று உறுதியாக நம்பினேன். அந்தக் கோபத்தில் இரண்டு கிழமைகள் அவரோடு ஒரு வார்த்தைகூடக் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் யூதர். சிறுமியாக இருந்தபோதே லிபியாவிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்தவர். வியா மக்வேதா தெருவுக்குப் பின்புறம், லிஃப்ட் இல்லாத கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். பள்ளி விட்டதும் நான் அங்கே போய், அம்மாவின் வேலை முடியும்வரை சமையலறை மேசையில் வீட்டுப்பாடம் செய்வேன். வெள்ளிக்கிழமைகளில், பொழுது சாயுமுன், ஓய்வுநாளுக்கான மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குச் சற்று முன்னால், சிஞ்ஞோரா ஒரு தகர உண்டியலில் சில்லறை போடுவார். அது ஏழைகளுக்கான காசு. அவர்களுடைய மொழியில் அப்படிக் கொடுப்பதற்கும் நீதிக்கும் ஒரே வேரிலிருந்து வந்த சொல்தான் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த வருடம் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். இலங்கையின் வன்னியில், அவர்கள் பிறந்த ஊரிலேயே, போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடக்கிறதாம். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம் அதில் இருந்தது. மாமா உணவகத்தில் பாத்திரம் கழுவி முடித்த காலோடு, அல்பெர்கேரியா வட்டாரத்தில் எங்கள் ஆட்கள் இருந்த வீட்டுப் படிகளெல்லாம் ஏறி இறங்கிக் காசு சேர்த்தார். அம்மா அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. காதில் கிடந்த தோடுகளைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய்விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடு, யாரிடமும் சொல்லாமல், பிரசுரத்தை சிஞ்ஞோராவிடம் கொண்டுபோனேன். உண்டியலையே தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இத்தாலிய மொழியில் இருந்த பக்கத்தைப் படித்தார். படிக்கத் தெரியாத தமிழ் எழுத்துகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"இதை நடத்துவது யார்? உன் மாமா போய்ப் பார்த்தாரா? அங்கே சமைப்பது யார்? எத்தனை பிள்ளைகள்?"

"நாற்பது" என்றேன், வாய்க்கு வந்தபடி.

"எண்ணினாயா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தின கிழமைதான் மத்திய ரயில் நிலையத்தின் வாசலில் ஒருவர் பசிக்கிறது என்றதும், அவர் பேசி முடிக்குமுன்பே சிஞ்ஞோரா காசு கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். "அவரிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லையே!" என்று கத்தினேன்.

"தனக்குப் பசிக்கிறது என்பவரிடம் கேள்வி கேட்கக்கூடாது" என்றார் அவர் அமைதியாக. "இன்னொருவரின் பசியைச் சொல்லி வாங்குபவரிடம் கேட்டே ஆகவேண்டும். அந்தக் காசு இப்போதே அந்தப் பிள்ளைகளுடையது. அதை வழியில் தொலைக்க எனக்கு உரிமையில்லை."

விஷயம் வீட்டில் தெரிந்ததும் அம்மா என்னைப் பிடித்து ஏசினார். "ஆரைக் கேட்டு அவவிட்டைக் குடுத்தனீ? நாங்கள் என்ன பிச்சைக்கே இஞ்சை வந்தனாங்கள்?"

"அவவுக்குக் குடுக்க மனமில்லை அக்கா. அதுதான் இவ்வளவு கேள்வி" என்றார் மாமா. நானும் அப்படித்தான் முடிவு செய்தேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு பின்னேரம், சிஞ்ஞோரா அம்மாவை மேசையருகே இருத்தித் தொலைபேசியை முன்னால் வைத்தார். "அது உன் ஊர். உனக்குத் தெரிந்தவர் ஒருவராவது அங்கே இருப்பார். நீயே கேள்."

அம்மா தலையை ஆட்டினார். யாரும் இல்லை என்றார். கடைசியில் பர்சைத் திறந்து, மடிப்புகள் கிழியத் தொடங்கிய ஒரு கடதாசித்துண்டை எடுத்தார். அதில் ஒரு எண் இருந்தது. கூடப் படித்தவளின் எண் என்றும், ஒரு கல்யாண வீட்டில் யாரோ தந்து மூன்று வருடமாகிறது என்றும் சொன்னார். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"நான்... நான்தானடி கதைக்கிறன்."

சமையலறை முழுக்கக் கேட்கும்படி ஒரு அலறல்: "எடியே! நீ உயிரோடை இருக்கிறியா!"

அம்மா அப்படியே தரையில் இருந்துவிட்டார். நெடுநேரம் கதைத்தார். ஒவ்வொரு பெயராகக் கேட்டார். "ஓம்... ஓம்..." என்பார். சில பெயர்களுக்குப் பிறகு மட்டும் "எப்ப?" என்பார். சிஞ்ஞோரா அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு சொல்லும் விளங்காமல், எழுந்து போகாமல் இருந்தார்.

பிரசுரத்தில் இருந்த விலாசத்தில் இல்லம் ஏதும் இல்லை என்று தெரியவந்தது. பூட்டிக் கிடக்கும் நெல்லுக் களஞ்சியம்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் தோழி அங்கே ஆசிரியை. வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பதினொரு பிள்ளைகளுக்கு விடியற்காலையில் தன் வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினொரு பேரின் பெயரையும் சொன்னார். அம்மா அதை இத்தாலிய மொழியில் சொன்னதும், என்ன தேவை என்று கேட்கச் சொன்னார் சிஞ்ஞோரா.

"அரிசி எப்பிடியோ வருது. பெரிய பானைதான் இல்லை" என்றது அந்தக் குரல்.

பானைக்கும் அரிசிக்கும் சிஞ்ஞோரா அன்றே கொடுத்தார். கண்மூடும்வரை மாதாமாதம் கொடுத்தார். மாமாவுக்கு அந்தப் பிரசுரத்தை வேறு நகரத்தில் ஒருவர் கொடுத்திருந்தார், அவருக்கு இன்னொருவர். ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. காசு இன்னும் மாமாவிடமே இருந்தது. ஏறிய படிகளையெல்லாம் அவர் மறுபடி ஏறி, "நான் விசாரிக்கேல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று திருப்பிக் கொடுத்தார். பாதிப் பேர் அதை அந்த ஆசிரியைக்கே அனுப்பச் சொன்னார்களாம்.

தோட்டைக் கழற்ற ஒரு நொடி யோசிக்காத அம்மா, ஒரு தொலைபேசி எண்ணுக்கு மூன்று வருடம் பயந்திருக்கிறார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காமல் கொடுத்துவிட்டால், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அறியாமலே இருந்துவிடலாம். சிஞ்ஞோராவுக்கு எவ்வளவு நன்றி சொல்லவேண்டும் என்று புரிந்துகொள்ளும் வயது வந்தபோது, அவர் இல்லை.

தொலைபேசியில் கதைத்த அன்று வீடு திரும்பும்போது அம்மா சந்தையின் நடுவே என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக நடந்தார். சிஞ்ஞோராதான் அம்மாவை அழவைத்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

"இனி அந்த வீட்டை வேலைக்குப் போகாதேங்கோ அம்மா" என்றேன்.