கழுத்து நீண்ட மயில்

போன வருடம் ஐப்பசி மழையில், ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் நடந்தது இது.

நான் ஒன்பதாவது வரை படித்தவன். ஆரணியில் பட்டுச்சேலை டிசைனுக்குத் தறியில் மாட்டும் அட்டையில் ஓட்டை குத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தேன். புரோகிராம் எழுதுவது அப்படியே கைக்கு வந்தது.

எங்கள் முதலாளி, வீடுகளுக்குப் பாவும் பட்டும் கொடுத்துச் சேலை நெய்து வாங்குபவர். தறி மேல் இருந்து டிசைனுக்கு ஏற்ப இழைகளைத் தூக்கும் கனமான ஜக்கார்டுக்குப் பதிலாக ஒரு பெட்டி செய்யச் சொன்னார். டிசைன் கிளவுடு சர்வரில் இருக்கும். மிதியை மிதித்தால் இணையம் வழியாக அடுத்த வரி பெட்டிக்கு வரும். ஒரு வரி என்றால் ஓர் இழை. அதை நெய்ததும் பெட்டி "முடிந்தது" என்று சர்வருக்குச் சொல்லும். பெட்டிக்குள் எதுவும் தங்கக் கூடாது என்பதில் முதலாளி கண்டிப்பு. எங்கள் ஊரில் புது டிசைன் வெளியே தெரிந்தால் அடுத்த வாரமே பத்துத் தறியில் ஓடும்.

கடையில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ரௌட்டர் பக்கத்திலேயே இருந்தது.

முதல் பெட்டியை முள்ளிப்பட்டில் ஓர் அக்காவின் வீட்டுத் தறியில் மாட்டினேன். உறவில்லை, அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பழைய ஜக்கார்டை மிதிக்க முடியாமல் நெசவையே விட்டுவிட இருந்தார். பெட்டி வந்ததும் மிதி லேசானது. ஒரு கல்யாணச் சேலை நெய்ய ஆரம்பித்தார். சேலை உடம்பெல்லாம் மயில்.

சில நாளில் போன் வந்தது.

"தம்பி, உன் மயிலுக்குக் கழுத்து நீண்டுகினே போவுது. வந்து பாரு."

போனேன். மயில் கொக்காகியிருந்தது.

"அடுத்தது இன்னா, ஒட்டகமா?" என்றார். சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் பெட்டியோடு இணைத்த மோடத்துக்கு மொபைல் சிக்னல் விட்டு விட்டு வந்தது. பெட்டி ஒரு வரியை நெய்துவிட்டு "முடிந்தது" என்று சொல்லும். அது போய்ச் சேராது. சர்வர், இன்னும் நெய்யவில்லை என்று நினைத்து அதே வரியை மறுபடி அனுப்பும். பெட்டி அதையும் நெய்யும். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. நடுவில் இருந்த லைனை நான் நம்பியதுதான் தப்பு.

முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழம சேலை கைக்கு வரணும். இல்லன்னா பொட்டிய கழட்டிட்டுப் பழசையே மாட்டு."

அக்காவுக்கும் கேட்டது. "பழசு மாட்டுனா நான் தறியில குந்த மாட்டேன் தம்பி. கால் வராது."

அக்கா நீண்ட கழுத்துகளை, ஜரிகை நசுங்காமல், ஒவ்வோர் இழையாகப் பிரித்தார். நான் தறிக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர் கொடுத்தேன். கடைசியாக நெய்த நம்பரைப் பெட்டியே ஞாபகம் வைக்கும். அதே நம்பர் மறுபடி வந்தால் தள்ளிவிடும்.

கழுத்து சரியானது. ஆனால் சிக்னல் போனால் தறி நின்றது. அக்கா மிதியில் காலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்த வேகத்தில் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. முதலாளியிடம் நேரில் போய், கொஞ்சம் டிசைனைப் பெட்டியில் முன்கூட்டியே வைக்க வேண்டும் என்றேன்.

"வெளிய போச்சுன்னா நீ வந்து நிப்பியா?"

"நிப்பேங்க."

முழங்கையைக் காட்டி, "ஒரு முழம். அதுக்கு மேல கேக்காத" என்றார். நெய்த வரி நெய்ததுமே அழிய வேண்டும் என்றும் சொன்னார்.

அப்படியே செய்தேன். சோதித்துப் பார்க்க அக்காவிடம், "உங்களுக்குத் தோணும்போது வயரைப் புடுங்குங்க. என்கிட்ட சொல்லாதீங்க" என்றேன். அவருக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் டீ குடிக்கும்போது மோடம் வயரைப் பிடுங்கினார். தறி ஓடியது. கரண்டு போனாலும் பெட்டியை ஓட்டும் பேட்டரியின் வயரையே பிடுங்கினார். பெட்டி அணைந்தது. மாட்டியதும் நான் திணறினேன். கடைசி வரி நெய்தாயிற்றா, பாதியில் நின்றதா? பெட்டிக்கும் தெரியவில்லை, சர்வருக்கும் தெரியவில்லை.

"துணியப் பாத்தா தெரியப்போவுது. இதுக்கா முழிக்கிற?" என்றார்.

ஒரு பட்டன் வைத்தேன். பெட்டி அணைந்து மறுபடி ஓடினால் அவர் துணியைப் பார்த்து, நெய்தாயிற்று என்றால் அழுத்துவார்.

வியாழக்கிழமை பேய் மழை. டவர் நின்றுவிட்டது என்றார்கள். ஊரில் ஒரு போனும் பேசவில்லை. கரண்டும் இல்லை. முந்தானை பாதியில் இருந்தது. மதியம் முதலாளி மழையிலேயே வண்டியில் வந்துவிட்டார். வாசலில் நின்றார். உள்ளே தறி சத்தம்.

"நெட்டு இல்ல, கரண்டு இல்ல. எப்டி ஓடுது?"

"அது பாட்டுக்கு ஓடிகினு கீது மொதலாளி. நீங்க மொதல்ல தலையத் தொடைங்க" என்றார் அக்கா. கால் நிற்கவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பொட்டியில எவ்ளோ மிச்சம் கீது?"

"ஒரு சாண் இருக்குங்க. நெய்ய ரெண்டு சாண் பாக்கி."

அவர் தறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மழை விட்டது. சாண் நாலு விரலாயிற்று. பெட்டி நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். அப்போது என் போனில் டவர் வந்தது. பெட்டி தானாகவே சர்வரைக் கூப்பிட்டது. மதியம் முழுக்க நெய்த நம்பர்களைச் சொன்னது. சர்வர் அடுத்த வரிகளைக் கொடுத்தது. ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. ஒன்றுகூட விடுபடவில்லை.

இருட்டுவதற்குள் அக்கா சேலையை அறுத்து இறக்கினார். முதலாளி அதை வாசல் வெளிச்சத்தில் விரித்து ஒவ்வொரு மயிலாகத் தடவிப் பார்த்தார். மடித்தார்.

"எல்லாத் தறிக்கும் இதையே மாட்டு. ரெண்டு முழம் வச்சுக்க."

அக்கா அப்போதுதான் சிரித்தார். "எனக்கு மூணு முழம் குடுக்கச் சொல்லுங்க. வயரு புடுங்குனது நானு."

இன்று எங்கள் பெட்டிகள் பல வீடுகளில் ஓடுகின்றன. தினமும் எங்காவது லைன் போகிறது. லைன் போகாத ஊரைத் தேடியிருந்தால் நான் இன்னும் தேடிக்கொண்டே இருந்திருப்பேன். போனாலும் நெசவு நிற்காது என்று அன்று கண்ணால் பார்த்த பிறகு எனக்குப் பயம் இல்லை.