வாசிக்காமல் விட்ட வரி

என் பெயர் பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டவர்கள் மறு தடவை கேட்டதில்லை, அந்த அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் நகல் எடுக்க மட்டும் வருவதில்லை. ஆங்கிலத்தில் ஏதாவது கடிதம் வந்தால் இதில் என்ன போட்டிருக்கிறது என்று நீட்டுவார்கள், நான் வாசித்துச் சொல்வேன். பரிபூரணத்துக்கு வாய் பொல்லாது, ஆனால் வாசிப்பதில் ஒரு எழுத்துக் கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டாள் என்று எனக்கு ஊரில் பெயர். அந்தப் பெயரை நானே கெடுத்துக்கொண்ட கதை இது.

அழகுத்தாய்க்கு ராஜபாளையம். அவள் மகள் சத்யப்பிரியாவுக்கு ஆறு வயதில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. இனிப்புத் தின்று வந்ததில்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோனால் வருகிறது. தினமும் நாலு ஊசி. அதில் மத்தியான ஊசியைப் பள்ளிக்கூடத்தில்தான் போட்டாக வேண்டும். அங்கே இரண்டு பள்ளிக்கூடத்தில் எங்களால் பொறுப்பு ஏற்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். இங்கே இருந்த தலைமையாசிரியை, தாய் பக்கத்திலேயே இருப்பதாக இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். புருஷன் வைகுண்டராஜ் குவைத்தில் இருக்கிறான். அழகுத்தாய் மில் வேலையை விட்டாள். காலையில் பிள்ளையோடு பஸ் ஏறி வந்து, சாயங்காலம் பிள்ளையோடு பஸ் ஏறிப் போனாள்.

முதல் நாள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றவளைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏட்டி, நீ மயங்கி விழுந்தா பிள்ளைக்கு யாரு ஊசி போடுவா? உள்ள வந்து உக்காரு" என்றேன். வந்து உட்கார்ந்தவள் ஐந்து வருஷம் உட்கார்ந்தாள்.

தளவாய்புரத்திலிருந்து நைட்டிகளை மூட்டையாக வாங்கி வந்து பட்டன் தைப்பாள். நான் நகல் எடுப்பேன். காப்பிக்கு ஏன் இவ்வளவு சீனி என்று நான் சத்தம் போடுவேன், நீங்கள் போட்டால் வாயில் வைக்க முடியுமா என்று அவள் சொல்வாள். மத்தியானம் மணி அடித்ததும் ஊசிப் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டுத் திரும்பி வருவாள், இரண்டு பேரும் சாப்பிடுவோம். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்று பால்கோவா கொடுத்தால், சத்யப்பிரியா தன் பங்கைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து "பெரியம்மா, ஒங்களுக்கு" என்று என் கையில் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. கோடை விடுமுறை இரண்டு மாதமும் வீட்டில் வாய் திறக்க ஆள் இல்லாமல் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவள் எனக்கு வேண்டியிருந்தாள்.

போன வருஷம் ஆடி மாதம் மதுரை டாக்டர், பிள்ளைக்குப் பதினோரு வயதாகிவிட்டது, இனி இன்சுலின் பம்பு வைக்கலாம் என்றார். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. மெல்லிய குழாய் வழியாக நாள் பூராவும் மருந்து இறங்கிக்கொண்டே இருக்கும், சாப்பிடும்போது பிள்ளையே பித்தானை அமுக்கிக்கொள்ளலாம். இன்னொன்று குழாய் இல்லாமல் தோலில் ஒட்டுவது. இரண்டைப் பற்றியும் காகிதம் கொடுத்து, பார்த்து முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருந்தார். வைகுண்டராஜ் போனில், எதுவானாலும் பரிபூரணம் அக்காவைக் கேட்டுச் செய் என்று சொல்லிவிட்டான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் இரண்டு காகிதத்தையும் என் முன்னால் விரித்தாள்.

நான் வாசித்துக்கொண்டே வந்தேன். வாசிக்க வாசிக்க, பம்பு வந்தால் மத்தியான ஊசி கிடையாது, ஊசி கிடையாது என்றால் இவள் வர மாட்டாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஒட்டுகிற கருவி வியர்வையில் கழன்றுவிடக் கூடும் என்று இருந்தது. சொன்னேன். குழாய் அடைத்துக்கொண்டால் மருந்து நின்றுவிடும், சில மணி நேரத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு ஏறும் என்று இருந்தது. அதையும் சொன்னேன், இரண்டு தடவை. அதோடு காகிதத்தை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாங்க்கா. ஊசியே இருக்கட்டும்" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது, பாவி.

ஏழு மாதம் ஓடிற்று. மாசியில் ஒருநாள் சாயங்காலம், அழகுத்தாய் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தபோது, சத்யப்பிரியா வெள்ளைத்தாள் தேடி மேசையைத் திறந்தவள் அந்தக் காகிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். ஆறாம் வகுப்பு, ஆங்கில வழி. விரலை வைத்து மெதுவாக வாசித்தாள்.

"பெரியம்மா, இதுக்கு அடுத்த வரிய அம்மாட்ட வாசிச்சியளா?"

அடுத்த வரி இதுதான்: குழாய் அடைத்தால் கருவி ஒலி எழுப்பும், உடனே வழக்கமான இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு குழாயை மாற்ற வேண்டும்.

"இல்ல" என்றேன்.

"ஏன்?"

பதினோரு வயதுப் பிள்ளையிடம் எனக்குப் பொய் வரவில்லை. "நீ மிஷின் மாட்டிக்கிட்டா ஒங்கம்மா இங்க வர மாட்டாள்ல" என்றேன். அவள் கோபப்படவில்லை. "ஒங்களுக்கு வலிக்கல, அதான்" என்றாள். பிறகு, நீங்களே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்று காகிதத்தை என் கையில் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தேன். நாளைக்கு நாலு என்று ஏழு மாதத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம் ஊசி. பம்பு என்றால் குழாய் மாற்ற மூன்று நாளைக்கு ஒரு தடவை, எழுபது தடவை குத்தியிருந்தால் போதும்.

மறுநாள் காலையில் அழகுத்தாயிடம் விட்ட வரியை வாசித்தேன், ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு அன்னைக்கே தோணுச்சுக்கா. இம்புட்டுப் பெரிய மிஷினு செஞ்சவன், அடைச்சா என்ன செய்யணும்னு எழுதாமயா இருப்பான்? டாக்டருக்கு ஒரு போன் போட்டாத் தெரிஞ்சிரும். போடல." நூலை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அந்த வீட்ல பகலெல்லாம் நான் யாருட்டக்கா பேசுவேன்?"

இரண்டு பேரும் அழுதோம். நகல் எடுக்க வந்த ஒருவரை நான் அப்புறம் வாருமய்யா என்று விரட்டிவிட்டேன். எங்கள் இரண்டு பேருடைய பேச்சுத்துணைக்கு அந்தப் பிள்ளை வயிற்றையும் தொடையையும் ஊசிக்குக் கொடுத்திருக்கிறாள் என்று இரண்டு பேருக்குமே தெரிந்துபோயிற்று. அதற்கு மேல் என்ன பேச இருக்கிறது.

எந்தக் கருவி என்று சத்யப்பிரியாதான் முடிவு செய்தாள். கபடி ஆடுகிறவள், ஒட்டுகிறது நிற்காது, குழாய் வைத்ததே போதும் என்றாளாம். மதுரைக்குப் போய் மாட்டிக்கொண்டு, பழகிக்கொண்டு வந்தார்கள். இப்போது பிள்ளை பள்ளிக்கூட வேனில் வருகிறாள். அழகுத்தாய் மறுபடியும் மில்லுக்குப் போகிறாள். நான் இரண்டு தடவை போன் போட்டேன். வேலையாக இருக்கிறேன் அக்கா என்று மரியாதையாகத்தான் சொன்னாள். என் குரலைக் கேட்டால் அவளுக்கு அந்த ஏழு மாதம் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். மூன்றாவது தடவை போடவில்லை.

போன வாரம் சத்யப்பிரியா ஆதார் நகல் எடுக்க வந்தாள். இடுப்பில் கருவி இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். மாற்றும்போது மட்டும்தான் என்றாள். நகலை நீட்டியபோது வாங்காமல் நின்றாள்.

"அம்மா ஒங்களக் கேட்டுச்சு பெரியம்மா."

நான் மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தேன். "நெசமாவா? என்னன்னு கேட்டுச்சு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இல்ல பெரியம்மா. கேக்கல. பாவமா இருந்துச்சு, நானாச் சொன்னேன்."

நகலை வாங்கிக்கொண்டு, வேன் நிற்கிறது என்று ரோட்டைத் தாண்டி ஓடினாள்.