லீடரைப் பார்த்துக் கத்தியவள்

1. முதல் நாள்

நான் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆன முதல் நாளே, ஒரு நட்பு ஆட்டத்தில், எங்கள் அணி தோற்றது. கொஞ்சநஞ்சத் தோல்வி இல்லை. எதிரணிப் பெண்கள் பசார் சந்தைக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தார்கள், பந்தைக் கூடையில் போட்டார்கள், சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். எங்கள் ஐந்து பேரும் அவர்களுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

கூலாயில் மின்விசிறி மோட்டார் செய்கிற தொழிற்சாலையில் நான் தர சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். கியூசி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். லாபிசில் பள்ளியில் படித்த காலத்தில் கூடைப்பந்து ஆடியிருக்கிறேன். அது எப்படியோ ஹெச்ஆர் மேனேஜர் கோபாலின் காதுக்குப் போய்விட்டது.

"சரோஜாக்கா, நீங்க ஸ்கூல்ல விளையாண்டீங்கதானே? ஃபேக்டரிங்களுக்குள்ள நடக்குற போட்டிக்குப் பொண்ணுங்க டீம நீங்களே பாத்துக்குங்க லா" என்றார்.

அவர் அணிக்குச் செய்த ஒரே காரியம் ஜெர்சி. துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் வரை போய்த் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தார். பயிற்சிக்கு ஹால் கேட்டேன். கார் பார்க்கில் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னார்.

தோற்ற அன்று அவர் கண்டுபிடித்துச் சொன்னது: "பாயிண்ட் பத்தல. ஷூட்டிங் பிராக்டிஸ கூட்டுங்க."

"பாயிண்ட் போட்டதெல்லாம் போதும் சார். கொடுத்ததுதான் அதிகம்."

அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். கூடைப்பந்து பார்க்க வருகிற பாதிப் பேர் இப்படித்தான். பந்து கூடையில் விழுந்தால் கைதட்டுவார்கள். விழாமல் தடுத்தவளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

2. வாயை மூடிக்கொண்டு ஆடிய அணி

எங்கள் கேப்டன் புஷ்பா. அசெம்ப்ளி லைனில் அவள்தான் லீடர். தூரத்திலிருந்து குறிபார்த்துப் போடுவாள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் டிஃபென்ஸ் என்றால் அவளுக்கு அடுத்தவர் வேலை. எதிரணிக்காரி அவளைத் தாண்டிப் போனால் இடுப்பில் கைவைத்துத் திரும்பி, பின்னால் நிற்பவளை முறைப்பாள்.

பின்னால் நிற்பவள் தேவி. புஷ்பாவின் லைனிலேயே வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளி. உயரம் இல்லை. ஆனால் பந்து எங்கே போகும் என்று அவள் கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால்தான் அவளைக் கடைசியில் நிறுத்தினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிஃபென்ஸ் என்பது காலால் பாதி, வாயால் பாதி. முன்னால் நிற்பவள் பந்து வைத்திருக்கிறவளைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடுவாள். எதிரணியில் இன்னொருத்தி சத்தமில்லாமல் வந்து அவள் போகிற பாதையில் சுவர் மாதிரி நிற்பாள். அதற்கு ஸ்கிரீன் என்று பெயர். முன்னால் இருப்பவளுக்கு முதுகில் கண் இல்லை. பின்னால் இருப்பவள்தான் பார்த்து, அவள் நகர வேண்டிய பக்கத்தை இடது வலது என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் போய் முட்டிக்கொள்வாள், பந்து உள்ளே போய்விடும்.

எங்கள் அணியில் தமிழ், மலாய், சீனப் பெண்கள் மூன்று கூட்டமும் உண்டு. அதனால் மலாயிலேயே கத்தச் சொன்னேன். இடதுக்குக் கிரி, வலதுக்குக் கானான். தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். இருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. தேவி ஸ்கிரீனைப் பார்க்கிறாள், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

பிடித்துக் கேட்டேன். "தொண்டையில என்ன, முள்ளா?"

"அக்கா, அவங்க என் லீடர். அவங்கள பாத்து கிரி, கானான்னு எப்படிக்கா கத்துறது? மாடு மேய்க்கிற மாதிரி இருக்கு."

"மாடு முட்டிக்கிட்டா பரவாயில்லையா?"

அவள் சிரிக்கவில்லை. "போட்டி முடிஞ்ச வாரம் என் கான்ட்ராக்ட் முடியுதுக்கா. நீட்டிக்கிறதா வேணாமான்னு அவங்கதான் சொல்லணும். வீட்டுல நான் ஒருத்திதான் வேலைக்கு வர்றேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்றவர்களுக்கும் இதே வியாதிதான். லைனில் ஆறு நாள் "சரி லீடர், சரி அக்கா" என்று தலையாட்டுகிறவர்கள், கோர்ட்டில் மட்டும் வாய் திறப்பார்களா? நம் ஆட்கள் மரியாதை என்று சொல்லிக்கொள்வது பாதிக்கு மேல் பயம். மரியாதை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

3. அக்காவுக்குத் தடை

மறுநாள் கார் பார்க்கில் சொன்னேன். கோட்டுக்குள் வந்தால் அக்கா கிடையாது, மலாயில் அக்காவுக்குச் சொல்கிற காக் கிடையாது, லீடர் கிடையாது. பேர் மட்டும். தவறிச் சொன்னால் சுற்றி ஓட வேண்டும்.

நோராய்னி புஷ்பாவை "காக்" என்று கூப்பிட்டுவிட்டு ஓடினாள். எங்கள் உயரமான பெண் லிங் தன் பழைய பழக்கத்தில் "லீடர்" என்று ஆரம்பித்து, தானே நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினாள். தேவிதான் அதிகம் ஓடினாள். ஓடி ஓடிக் களைத்த பிறகு ஒரு சமயம் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"புஷ்பா! கிரி!"

அருமையான கத்தல். புஷ்பா இடதுபக்கம் நகர்ந்து ஆளை மறித்தாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். புஷ்பாவின் முகம் மட்டும் கறுத்துப்போனது.

"என்ன இது, புஷ்பாவா? என் புருஷனே என்னை இப்படிக் கூப்பிட மாட்டாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வாரமே தேவியை லைனிலிருந்து எடுத்து வார்னிஷ் அடுப்புக்கு முன்னால் நிறுத்தினாள். மோட்டாரை வார்னிஷில் முக்கிச் சுடவைக்கிற இடம். அந்தச் சூட்டுக்கு யாரும் விரும்பிப் போகமாட்டார்கள்.

புஷ்பாவிடம் கேட்டேன். "ரொட்டேஷன்கா. எல்லாரும் எல்லா வேலையும் கத்துக்கணும்ல" என்றாள். அதுவரை யாரையும் அவள் ரொட்டேஷனில் அனுப்பி நான் பார்த்ததில்லை.

கோபாலிடம் போனேன். "அக்கா, அவங்கதான் நமக்குப் பாயிண்ட் போடுறவங்க. பெரிசு பண்ணாதீங்க" என்றார். தேவியின் வாய் மறுபடி மூடிக்கொண்டது.

4. இறுதி ஆட்டம்

புஷ்பாவின் கை ராசியில் எப்படியோ தட்டுத்தடுமாறி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரே பாசிர் கூடாங்கிலிருந்து வந்த அணி. முதல் பாதியில் புஷ்பா அடுக்கடுக்காகப் போட்டாள். கோபால் மேலே நின்று விசில் அடித்தார். ஆனாலும் நாங்கள்தான் பின்தங்கினோம். அவர்கள் முட்டாள்கள் இல்லை. புஷ்பாவின் முதுகுக்குப் பின்னால் சுவர் வைத்தார்கள், உள்ளே போனார்கள். மறுபடி சுவர், மறுபடி உள்ளே. தேவி பார்த்துக்கொண்டே ஊமையாக நின்றாள்.

இடைவேளையில் சொன்னேன். "புஷ்பா, நீ உக்காரு. நோராய்னி, உள்ள போ."

கோபால் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "அலமாக்! என்னக்கா செய்றீங்க? பைனல்ல கேப்டன உக்கார வைக்கிறீங்க?"

"ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துறேன் சார். முதல்ல ஓட்டைய அடைக்கிறேன். நீங்க மேல போய் விசில் அடிங்க."

நோராய்னி லீடர் இல்லை, பேக்கிங் பிரிவுக்காரி. அவளைப் பார்த்துக் கத்துவதில் தேவிக்கு என்ன பயம்? பூட்டிவைத்த வாய் திறந்துகொண்டது. "நோராய்னி, கானான்! லிங், கிரி! கிரி, கிரி!" ஐந்து பேரும் ஒரே கயிற்றில் கட்டியது போல் நகர்ந்தார்கள். ஒருத்தி ஏமாந்தால் இன்னொருத்தி அங்கே நின்றாள். பாசிர் கூடாங் பெண்கள் பந்தைத் தட்டித் தட்டி நேரத்தைத் தின்றார்களே தவிர உள்ளே போக வழியில்லை. அவசரத்தில் தூரத்திலிருந்து எறிந்தார்கள். விழவில்லை. பிறகு ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நல்ல டிஃபென்ஸ் எதிரணியை முதலில் குழப்பும், அப்புறம் தங்களுக்குள் சண்டை போடவைக்கும். எங்களிடம் பெரிய ஷூட்டர் யாரும் இல்லாமலே, பிடுங்கிய பந்துகளை வைத்து ஒரு பாயிண்ட் முந்தினோம்.

கடைசி நிமிடத்தில் நோராய்னி ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறினாள். மாற்றுக்குப் புஷ்பாதான் இருந்தாள்.

"உள்ள போனா அவ சொல்றத கேக்கணும். முடியாதுன்னா இங்கயே உக்காரு, நாலு பேர வச்சே ஆடிக்கிறேன்" என்றேன்.

"போறேன்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பந்து அவர்களிடம். போட்டால் அவர்கள் ஜெயிப்பார்கள். பந்து வைத்திருந்தவள் நேராகப் புஷ்பாவிடம்தான் வந்தாள். ஓட்டை எங்கே என்று அவளுக்குத் தெரியும். பின்னால் சுவர் வந்து நின்றது. தேவி பார்த்துவிட்டாள். என்னையும் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் அவள் என்ன கணக்குப் போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் அவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறாள்.

"புஷ்பா! கிரி! கிரி போ!"

ஹால் முழுக்கக் கேட்டது. புஷ்பா திரும்பிப் பார்க்காமல் இடதுபக்கம் பாய்ந்தாள். வந்தவளுக்கு வழி அடைபட்டது. தடுமாறி எறிந்தாள். லிங் எட்டிப் பிடித்துப் பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டாள். மணி அடித்தது.

புஷ்பா ஓடிவந்து தேவியைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் நம்பிவிட்டேன். கோபால் படம் எடுத்தார். நடுவில் கோப்பையோடு புஷ்பா. ஓரத்தில் தேவியின் பாதித் தோள்.

5. கோப்பைக்குப் பிறகு

யாரோ அந்தக் கடைசிக் கத்தலை வீடியோ எடுத்துத் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கேண்டீனில் புஷ்பா தட்டோடு நடந்தால் போதும், ஏதாவது ஒரு மூலையிலிருந்து "கிரி!" என்று குரல் வரும். பிறகு சிரிப்பு.

அந்த வாரம் தேவியின் கான்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை.

புஷ்பாவைப் போய்க் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. "கோர்ட்டுல கத்தினது சரிக்கா, ஜெயிச்சோம். ஆனா லைன்ல இப்ப எனக்கு மரியாத இல்ல. வாய் கம்மியான ஆள் போதும் எனக்கு."

கட்டிப்பிடித்து அழுத அதே வாய்தான் இதைச் சொன்னது.

தேவி லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். "அக்கா, நான் அன்னிக்குக் கத்தாம இருந்திருந்தா?"

"தோத்திருப்போம்."

"வேல இருந்திருக்கும்."

நேராகக் கோபால் அறைக்குப் போனேன். என் பிரிவில் ஒரு பெண் சிங்கப்பூர் வேலைக்குப் போய், அவள் இடம் காலியாகக் கிடந்தது.

"தேவிய எனக்குக் குடுங்க."

"அவளுக்கு வாய் ஜாஸ்தின்னு லீடர் சொல்றாங்களேக்கா."

"அதுக்குத்தான் கேக்குறேன். கியூசில ஊமைய வச்சு நான் என்ன செய்ய?"

அவர் தலையைச் சொறிந்தார். "இது ஒரு பெரிய பிரச்சனையாயிடும் லா."

"இல்லன்னா அடுத்த வருஷம் அந்த ஜெர்சிய நீங்களே போட்டுக்கிட்டு ஆடுங்க சார்."

கொடுத்தார். நியாயத்துக்காக இல்லை, அடுத்த கோப்பைப் படத்துக்காக. எனக்கு அதுவே போதும்.

தேவி கியூசிக்கு வந்து சில நாளில் புஷ்பாவின் லைனில் ஒயர் உறை கிழிந்து கிழிந்து வந்தது. டார்கெட்டை எட்ட வேண்டுமென்று புஷ்பா கண்டுகொள்ளாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். தேவி லைன் முனைக்குப் போய் நின்றாள். நான் தள்ளி நின்று பார்த்தேன்.

"புஷ்பா, லைன நிறுத்து."

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. புஷ்பா காத்திருந்தாள். பின்னால் ஓர் அக்கா வரும் என்று எதிர்பார்த்தாள்போல. வரவில்லை. தேவி கையில் கிழிந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புஷ்பா கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அணி நடத்துகிற சின்னவர்கள் இப்போதும் வந்து, எங்களிடம் நல்ல ஷூட்டர் இல்லை என்று அழுகிறார்கள். ஷூட்டரை விடுங்கள். உங்கள் அணியில் லீடரைப் பார்த்துக் கத்துகிறவள் யார், கத்திய பிறகு அவள் வேலையைக் காப்பாற்றப்போகிறவர் யார் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் ஆள் இல்லையென்றால் ஜெர்சித் துணி எடுக்கத் தங்காக் வரை போகாதீர்கள். பெட்ரோல் வீண்.